பன்னிரண்டாம் இலக்கச் சட்டை

விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுவோர், அவர் பெற்ற ஓட்டங்களையும் வென்ற கிண்ணங்களையும் எண்ணிக்காட்டித் தொடங்குவது வழக்கம். அவ்வழக்கத்தை நாமும் பின்பற்றுவோமானால், இன்று நாம் எடுத்துக்கொண்ட மனிதரின் வரலாறு நான்கு வரிகளில் முடிந்துவிடும். அமெரிக்காவின் உயர்நிலைப் பேஸ்போல் ஆட்டத்தில் ஐந்து பருவங்கள். அவற்றில் 344 ஆட்டங்கள். 196 வெற்றி அடிகள். எல்லைக்கு அப்பாற் பந்தை அனுப்பும் 'ஹோம் றன்' பதின்மூன்று. நான்கு தடவை துடுப்பெடுத்து நின்றால் ஏறக்குறைய ஒரு தடவை வெற்றி கண்டவர் என்று சுருங்கச் சொல்லலாம். பேஸ்போல் உலகில் இது தாழ்ந்த கணக்கும் அன்று. உயர்ந்த கணக்கும் அன்று. இத்தகைய கணக்குடன் ஆடி ஓய்ந்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். அவர்களின் பெயர்களை அவர்கள் பிறந்த ஊரவர்களே மறந்திருப்பர்.

ஆயினும் 2019 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17 ஆந் திகதி, தமது 85 ஆவது வயதில் இவர் காலமானபோது, அமெரிக்கப் பத்திரிகைகள் இவருடைய வாழ்க்கையை விரிவாக எழுதின. பொஸ்டன் நகரத்துப் பென்வே அரங்கில் கூடியிருந்தோர் ஆட்டம் தொடங்குமுன் இவருக்காக மௌன அஞ்சலி செலுத்தினர். சாதாரண ஆட்டக்காரர் ஒருவருக்கு இத்துணை மரியாதை ஏன்? இந்த வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவருடைய முழுப்பெயர் எலைஜா ஜெரி கிறீன். சிறு வயதில் தாயார் இட்டு அழைத்த செல்லப்பெயர் 'பம்ப்சி'. அந்தச் செல்லப்பெயரே நிலைத்தது. பம்ப்சி கிறீன் என்றே உலகம் அவரை அறிந்தது.

ஆட்டமும் அவர் நின்ற இடமும்

பேஸ்போல் எமது நாட்டில் அதிகம் பழக்கமில்லாத விளையாட்டு. எனினும் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் கிராமத்து வெளிகளில் ஆடப்படும் எல்லே விளையாட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பை விளக்குவது கடினமன்று. மூலையொன்றிலே நிற்பவர் வீசப்படும் பந்தைத் தடியால் அடித்துவிட்டு ஓட வேண்டும். நாற்சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் ஒழுங்காகச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே மீண்டால் ஓர் ஓட்டம். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 90 அடி தூரம்.

இந்தச் சதுரத்தை அண்டிய பகுதிக்கு உட்களம் என்று பெயர். அங்கே காவல் நிற்போர் உட்களத்தார். இரண்டாந் தளத்துக்கும் மூன்றாந் தளத்துக்கும் இடையில் நிற்பவரை 'ஷோர்ட் ஸ்டொப்' என்பர். வலக்கையால் அடிப்போரின் பந்துகள் பெரும்பாலும் அவர் பக்கமே பாய்ந்து வரும். நிலத்தில் மோதித் துள்ளி வரும் பந்தைக் கணப்பொழுதிற் குனிந்து பற்றி, ஓடுகின்றவர் முதலாந் தளத்தை மிதிக்குமுன் அங்கு எறிந்துவிட வேண்டும். அரை நொடி தாமதித்தால் எல்லாம் வீண். வெற்றி பெற்றால் அதனை எவரும் நெடுநாள் நினைப்பதில்லை. தவறவிட்டால் அரங்கம் முழுவதும் அறியும். பம்ப்சி கிறீன் இந்த இடத்திலும் இரண்டாந் தளத்தருகிலுமே பெரும்பாலும் ஆடினார். இடக்கை வலக்கை இரண்டாலும் துடுப்பெடுக்கும் பயிற்சியும் அவருக்கு இருந்தது.

ஒக்லகோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு

அவர் பிறந்தது 1933 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 27 ஆந் திகதி. பிறந்த ஊர் ஒக்லகோமா மாநிலத்துப் போலி. கறுப்பின மக்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமக்கென அமைத்துக்கொண்ட சிற்றூர்களில் அதுவும் ஒன்று. சிறு வயதிலேயே குடும்பம் கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்து, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையிலுள்ள றிச்மண்ட் நகரிற் குடியேறிற்று. இரண்டாவது உலகப் போர்க் காலத்தில் அந்நகரத்துக் கப்பல் கட்டுந் துறைகள் இரவு பகலாக இயங்கின. வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் அங்கே பெருகின.

அந்த வீட்டில் விளையாட்டு இயல்பாகவே வளர்ந்தது எனலாம். தம்பியரில் ஒருவரான கோர்னெல் கிறீன் பின்னாளில் டலஸ் கௌபோய்ஸ் கழகத்தின் அமெரிக்க உதைபந்தாட்ட வீரராகப் புகழ் பெற்றார். மூத்தவரான பம்ப்சி எல் செறிற்றோ உயர்தரப் பாடசாலையிலும், பின்னர் கொன்ட்றா கோஸ்டா கல்லூரியிலும் பேஸ்போல் ஆடினார். அக்காலத்தில் அவருடைய கனவு பொஸ்டனைப் பற்றியது அன்று. பக்கத்து நகரத்துக் கழகமான ஓக்லண்ட் ஓக்ஸில் ஆட வேண்டும் என்பதே அப்பிள்ளையின் ஆசை. அந்த ஆசை ஓரளவு நிறைவேறவும் செய்தது. ஓக்ஸ் கழகம் அவரை ஒப்பந்தம் செய்து, தன் கீழிருந்த சிறிய கழகங்களுக்கு ஆட அனுப்பியது.

1955 ஆம் ஆண்டு அவர் கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் நகரத்துக் கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, அவருடைய ஒப்பந்தத்தைப் பொஸ்டன் றெட் சொக்ஸ் கழகம் விலைக்கு வாங்கியது. அலபாமா மாநிலத்து மொன்ற்கொமெரி நகரிலுள்ள தன் கிளைக் கழகத்துக்குப் போகுமாறு பணித்தது. மொன்ற்கொமெரி! அதே ஆண்டு டிசெம்பரில், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த றோசா பாக்ஸ் அம்மையார் கைது செய்யப்பட்டதும், கறுப்பின மக்கள் ஓராண்டுக்கு மேலாகப் பேருந்துகளைப் பகிஷ்கரித்ததும் அந்நகரிலேதான். அங்கு செல்ல இருபத்தொரு வயது இளைஞருக்கு மனம் ஒப்பவில்லை. அப்பருவத்தை ஸ்டொக்டனிலேயே முடித்துக்கொள்ள அனுமதி பெற்றார். பின்னர் அல்பனி, சான் பிரான்சிஸ்கோ, மின்னியாப்பொலிஸ் என்று ஊருக்கு ஊர் மாறி, ஒவ்வொரு படியாக ஏறினார்.

மூடியிருந்த கதவு

இங்கு நாம் சற்று நின்று, அவர் ஏறிக்கொண்டிருந்த ஏணியின் உச்சியில் இருந்தது என்ன என்பதை நோக்குதல் வேண்டும்.

அமெரிக்காவின் உயர்நிலைப் பேஸ்போல் கழகங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம், கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. இதற்கு எழுதிய சட்டம் எதுவும் இருக்கவில்லை. உரிமையாளர்களுக்கிடையில் நிலவிய மௌன உடன்பாடே சட்டத்தை விட வலிமையாக இருந்தது. 1947 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 ஆந் திகதி, புறூக்ளின் டொட்ஜர்ஸ் கழகத்தின் சார்பில் ஜக்கி றொபின்சன் களத்தில் இறங்கியபோது அந்த உடன்பாடு உடைந்தது.

அந்த றொபின்சன் முதலில் தட்டிய கதவுகளில் ஒன்று பொஸ்டன் கதவு என்பதை அறிந்தோர் சிலரே. 1945 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 ஆந் திகதி, றொபின்சன், சாம் ஜெத்றோ, மார்வின் வில்லியம்ஸ் என்னும் மூன்று கறுப்பின வீரர்களைப் பென்வே அரங்குக்கு அழைத்துத் தேர்வு நடத்தியது றெட் சொக்ஸ் கழகம். அதுவும் விரும்பிச் செய்தது அன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நடத்துவதற்கான நகரசபை அனுமதிக்குத் தாம் இடையூறு செய்ய நேரிடும் என்று இசடோர் மச்னிக் என்னும் நகரசபை உறுப்பினர் நெருக்கியதால் நடந்த தேர்வு. மூவரும் ஓடினர், அடித்தனர், எறிந்தனர். பின்னர் கழகத்திலிருந்து அவர்களுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. மூவரில் றொபின்சன் வரலாறு படைத்தார். சாம் ஜெத்றோ 1950 ஆம் ஆண்டு, அதே பொஸ்டன் நகரின் மற்றைய கழகமான பிறேவ்ஸில் ஆடி, தமது பிரிவின் சிறந்த புதுமுக வீரராகத் தெரிவானார். பேரும் புகழும் பெற்ற வில்லி மேஸை 1940களின் இறுதியில், அவர் இளைஞராக இருந்தபோதே ஒப்பந்தம் செய்யும் வாய்ப்பும் றெட் சொக்ஸுக்குக் கிட்டியது. அதனையும் நழுவவிட்டது.

பொஸ்டன் நகரம் கறுப்பின வீரரைக் காணாத நகரமன்று. அந்நகரத்துக் கூடைப்பந்துக் கழகமான செல்ற்றிக்ஸ் 1950 ஆம் ஆண்டிலேயே கறுப்பின வீரரைச் சேர்த்தது. 1958 ஜனவரியில், பனிக்கட்டி மேல் ஆடப்படும் ஹொக்கியின் தேசிய அணிகளில் முதன்முதலாக ஆடிய கறுப்பினத்தவர் வில்லி ஓறீ. அவர் ஆடியதும் பொஸ்டன் கழகத்துக்கே. நகரத்தின் மற்ற எல்லா அரங்குகளும் திறந்துவிட்டன. பேஸ்போல் உயர்நிலைக் கழகங்கள் பதினாறில் பதினைந்தும் திறந்துவிட்டன. றெட் சொக்ஸின் கதவு மாத்திரம் மூடியே கிடந்தது. உரிமையாளர் டொம் யோக்கி பெருஞ் செல்வர். வீரர்களுக்கு வாரி வழங்குபவர் என்று பெயர் எடுத்தவர். ஆயினும் அவர் வாங்கிய வீரர் அனைவரும் ஒரே நிறத்தினராகவே இருந்தனர்.

பதினேழு மைல் தூரம்

1959 ஆம் ஆண்டின் இளவேனிற் பயிற்சிக்காக றெட் சொக்ஸ் கழகம் அரிசோனா மாநிலத்து ஸ்கொட்ஸ்டேல் நகருக்குச் சென்றது. பம்ப்சி கிறீனும் அழைக்கப்பட்டார். விமான நிலையத்திலிருந்து அணியினர் தங்கும் ஹோட்டலுக்கு வந்தவருக்கு அங்கே அறை இல்லை. சுற்றுலாப் பயணிகளால் ஹோட்டல் நிறைந்துவிட்டது என்று காரணம் கூறப்பட்டது. பதினேழு மைலுக்கு அப்பாலுள்ள பீனிக்ஸ் நகரில் அவருக்கு இடம் ஒழுங்கு செய்யப்பட்டது. காலையில் ஒரு மோட்டார் வண்டி அவரை மைதானத்துக்குக் கொண்டுவரும். மாலையில் மீண்டும் கொண்டுபோய் விடும். மற்றையோர் கூடியிருந்து உண்டு, சீட்டாடி, அன்றைய ஆட்டத்தைப் பற்றி அளவளாவும் வேளையில், அதே அணியைச் சேர்ந்த ஒருவர் மாத்திரம் தொலைவிலே தனித்திருந்தார்.

வாசகர்களே, விளையாட்டு என்பது மைதானத்தில் மாத்திரம் நிகழ்வதன்று. உட்களத்தில் நிற்கும் இருவர் ஒருவர் மனத்தை மற்றவர் அறிந்திருந்தாலன்றி, பந்தைப் பற்றி ஒருவர் மற்றவருக்கு எறியும் அந்த நொடி கூடிவராது. அந்த அறிமுகம் உணவு மேசையிலும் ஹோட்டல் முற்றத்திலும் வளர்வது. கிறீனிடமிருந்து பறிக்கப்பட்டது வெறும் அறையன்று.

இந்நிலையிலும் அவர் நன்றாகவே ஆடினார். உடன் சென்ற பொஸ்டன் பத்திரிகையாளர்கள் அம்முகாமின் சிறந்த புதுமுக வீரராக அவரையே தெரிவு செய்தனர். அணியில் அவருக்கு இடம் உறுதி என்று பலரும் நம்பினர். ஆனால் பருவம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், முகாமையாளர் பிங்கி ஹிகின்ஸ் அவரை மீண்டும் மின்னியாப்பொலிஸுக்கு அனுப்பிவிட்டார். இன்னும் பயிற்சி தேவை என்பது கூறப்பட்ட காரணம். ஹிகின்ஸ் கறுப்பினத்தவர்பாற் பகைமை கொண்டிருந்தார் என்று அவரை நேரில் அறிந்த பத்திரிகையாளர்கள் பிற்காலத்தில் எழுதியுள்ளனர்.

பொஸ்டனில் எதிர்ப்புக் கிளம்பிற்று. பென்வே அரங்கின் முன் மறியல் நடந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட தேசிய சங்கத்தின் பொஸ்டன் கிளை, பாரபட்சத்துக்கெதிரான மாநில ஆணைக்குழுவிடம் முறையிட்டது. ஆணைக்குழு விசாரித்தது. முடிவில் கழகத்தின்மீது குற்றம் காணப்படவில்லை. ஆயினும் பாரபட்சத்தை ஒழிக்க ஆவன செய்வதாகக் கழகம் வாக்களிக்க நேர்ந்தது.

இந்தக் கொந்தளிப்பின் நடுவில் அம்மனிதர் என்ன செய்தார்? அறிக்கை விடவில்லை, எவரையும் ஏசவில்லை. மின்னியாப்பொலிஸில் நாள்தோறும் மைதானத்துக்குச் சென்று ஆடினார். சென்ற முறையிலும் சிறப்பாக ஆடினார். மூன்று தடவை நின்றால் ஒரு தடவை என்னும் அளவுக்கு அண்மையில் அவருடைய வெற்றி அடிகள் உயர்ந்தன. அவரை மேலே அழைக்காமலிருப்பதற்குக் கூறத்தக்க காரணம் ஒவ்வொன்றாக இற்று விழுந்தது.

கதவு திறந்த நாள்

ஜூலை மாதத் தொடக்கத்தில் தோல்விமேல் தோல்வி கண்ட றெட் சொக்ஸ் கழகம் ஹிகின்ஸை நீக்கிற்று. பில்லி ஜேர்ஜஸ் புதிய முகாமையாளரானார். அதே மாதத்தில் மின்னியாப்பொலிஸுக்கு அழைப்பு வந்தது.

1959 ஆம் ஆண்டு ஜூலை 21 ஆந் திகதி இரவு, சிக்காகோ நகரத்துக் கொமிஸ்கி அரங்கில், எட்டாவது சுற்றிலே விக் வேர்ட்ஸ் என்னும் மூத்த வீரர் தளத்தை அடைந்தார். அவருக்குப் பதிலாக ஓடுவதற்குப் பம்ப்சி கிறீன் களத்தினுள் அனுப்பப்பட்டார். பின்னர் ஷோர்ட் ஸ்டொப் இடத்தில் நின்று ஆட்டத்தை முடித்தார். அந்த இரவில் அவர் துடுப்பெடுக்கவில்லை. அரிய செயல் எதுவும் செய்யவுமில்லை. பிறருக்காக ஓடிய ஓட்டந்தான். ஆனால் அந்த ஓட்டத்துடன், பதினாறு கழகங்களில் இறுதிக் கழகமும் தன் தடையை இழந்தது. றொபின்சன் களம் புகுந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. கிறீனின் சட்டையிற் பொறிக்கப்பட்டிருந்த இலக்கமும் பன்னிரண்டே. ஒரு வாரத்தின் பின் ஏர்ல் வில்சன் என்னும் கறுப்பினப் பந்து வீச்சாளரும் அவருடன் சேர்ந்துகொண்டார்.

அணி ஊர் திரும்பிற்று. ஓகஸ்ட் 4 ஆந் திகதி பென்வே அரங்கில் கன்சஸ் சிட்டி கழகத்துக்கு எதிரான ஆட்டம். பொஸ்டனின் கறுப்பின மக்கள் பெருந்தொகையாக வந்திருந்தனர். றெட் சொக்ஸின் முதல் துடுப்பாளராகக் கிறீன் நடந்து வந்தார். அரங்கிலிருந்தோர், வெள்ளையரும் கறுப்பரும், எழுந்து நின்று கரகோஷம் செய்தனர். தம் கால்கள் நடுங்காமல் நிற்க வேண்டுமே என்ற எண்ணத்துடன் நின்றிருப்பார் என்றே நாம் கருதுகின்றோம். பந்து வந்தது, அடித்தார். பென்வே அரங்கின் இடப்புறத்தில் 37 அடி உயரமான பெருஞ் சுவரொன்று உண்டு. பந்து அந்தச் சுவரில் மோதித் திரும்பிற்று. கிறீன் முதலாந் தளத்தைக் கடந்தார், இரண்டாவதையும் கடந்தார், மூன்றாவது தளத்திற் போய் நின்றார்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், றொபின்சன் தேர்வுக்காக நின்று பந்தடித்ததும் அதே மைதானத்தில், அதே சுவரை நோக்கியே.

பாரமும் நட்பும்

இவ்விடத்தில் இவ்வரலாற்றை முடித்துவிட்டால் அது இனிய கதையாகும்; ஆனால் முழு உண்மையாகாது. அந்த அடியின் பின் ஒவ்வொரு நாளும் அவ்வாறு அமையவில்லை. 1960 இல் 133 ஆட்டங்களில் ஆடினார். அதுவே அவர் மிகுதியாக ஆடிய பருவம். 1961 இல் குடல்வால் அழற்சிக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. உடல் வலிமை பெறச் சில காலம் சென்றது. 1962 இல் வாய்ப்புகள் அருகின. அவ்வாண்டின் இறுதியில் நியூயோர்க் மெற்ஸ் கழகத்துக்கு மாற்றப்பட்டார். 1963 இல் அங்கே 17 ஆட்டங்கள் ஆடினார். அத்துடன் உயர்நிலை ஆட்டம் முடிந்தது. பின்னும் ஓரிரு பருவம் சிறிய கழகங்களில் ஆடிவிட்டு ஓய்ந்தார்.

ஜக்கி றொபின்சன் மேதை. மேதை முன்னே செல்லும்போது தடைகள் விலகுவதை உலகம் ஒருவாறு விளங்கிக்கொள்கிறது. பம்ப்சி கிறீன் மேதையல்லர். நல்ல உழைப்பாளியான நடுத்தர ஆட்டக்காரர். ஆயினும் அவர் பந்தைத் தவறவிட்ட ஒவ்வொரு தடவையும், ஓர் இனம் முழுவதுமே தவறவிட்டாற்போலப் பார்க்கக் காத்திருந்தனர் சிலர். அவருக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளை வீரர் தவறவிட்டால் அது அவருடைய தவறு மாத்திரமே. தமக்கு இப்படியொரு முன்னோடிப் பட்டம் வேண்டுமென்று கிறீன் கேட்டதில்லை. பேஸ்போல் ஆடவே விரும்பினேன் என்னும் கருத்தையே அவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பக் கூறினார்.

நட்புக் கரங்களும் நீளாமல் இல்லை. செல்ற்றிக்ஸ் கழகத்தின் கூடைப்பந்துப் பெருவீரர் பில் றசல், கிறீனின் சொந்த இடமான சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வளர்ந்தவர். பொஸ்டனில் கிறீனுக்குத் துணையாக நின்றவர்களில் அவரும் ஒருவர். றெட் சொக்ஸ் அணியின் மணிமகுடமாகத் திகழ்ந்த டெட் வில்லியம்ஸ், ஆட்டத்துக்கு முன் கையைப் பழக்குவதற்காகப் பந்தெறிந்து பிடிக்கத் தம்முடன் வருமாறு கிறீனையே அழைத்தார். ஒருநாளன்று, பலநாளும் அழைத்தார். அரங்கிலிருந்த ஆயிரக்கணக்கானோர் கண்முன் அது நடந்தது. அதைப் பற்றி அவர் சொற்பொழிவு எதுவும் செய்யவில்லை. வேண்டியவர்க்கு அது விளங்கிற்று. அதே வில்லியம்ஸ் 1966 ஆம் ஆண்டு பேஸ்போல் புகழ் மண்டபத்தில் கௌரவிக்கப்பட்டபோது, வாய்ப்பு மறுக்கப்பட்ட காரணத்தால் அம்மண்டபத்தில் இடம்பெறாத சச்சல் பேஜ், ஜோஷ் கிப்சன் முதலிய கறுப்பின வீரர்களையும் அங்கே சேர்க்க வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார் என்பதையும் இங்கு குறிப்பிடுவது பொருந்தும். பேஜ் 1971 இலும், கிப்சன் 1972 இலும் சேர்க்கப்பட்டனர்.

சிரிப்புக்கிடமான சம்பவமொன்றும் உண்டு. 1962 ஜூலையில், நியூயோர்க்கில் தோல்வியடைந்து திரும்பிய அணியினரின் பேருந்து வாகன நெரிசலில் அகப்பட்டுக்கொண்டது. ஆறடி எட்டங்குல உயரமான பந்து வீச்சாளர் ஜீன் கொன்லி, கிறீனையும் அழைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். இருவரையும் காணோம்! கிறீன் விரைவிலேயே அணிக்குத் திரும்பிவிட்டார். கொன்லியோ இஸ்றேலுக்குப் போகப் போவதாகக் கூறிக் கடவுச்சீட்டும் இல்லாமல் விமான நிலையம் சென்று, சில நாட்களின் பின்னரே திரும்பினார். இருவரும் தண்டப்பணம் செலுத்தினர். நாடறிந்த முன்னோடி என்ற பட்டத்தைச் சுமந்த மனிதரும் ஒருநாள் ஏனைய இளைஞரைப் போல விளையாட்டுத்தனமாக நடந்துகொண்டார் என்பதில் எமக்கு ஒரு மகிழ்ச்சியே.

ஆசிரியர் கிறீன்

பேஸ்போலை விட்டபின் அவர் ஊர் திரும்பினார். கலிபோர்னியாவின் பேர்க்கிளி உயர்தரப் பாடசாலையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பணியாற்றினார். மாணவர்க்குப் பேஸ்போல் பயிற்றினார்; கணிதம் கற்பித்தார்; வகுப்புக்கு வராமல் ஒளித்துத் திரியும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கொண்டுவருவதும் அவருடைய கடமைகளுள் ஒன்று. தமக்கு முன்னே கதவு மூடப்பட்டதை அறிந்த ஒருவர், தமக்குத் திறந்திருந்த கதவை விட்டு ஓடிய பிள்ளைகளைத் தேடி அலைந்தார். இதைவிடப் பொருத்தமான தொழில் அவருக்கு வேறு வாய்த்திராது என்றே நாம் எண்ணுகின்றோம்.

2009 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அவருடைய முதல் ஆட்டத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவை முன்னிட்டு, றெட் சொக்ஸ் கழகம் அவரைப் பென்வே அரங்குக்கு வரவழைத்து, ஆட்டத்தின் சம்பிரதாயமான முதற் பந்தை எறியச் செய்து பாராட்டியது. 2018 இல், அரங்கின் முன்னாலுள்ள யோக்கி வீதி என்னும் பெயரை நீக்கிப் பழைய ஜேர்சி வீதி என்னும் பெயரையே மீண்டும் இடுமாறு கழகத்தின் புதிய உரிமையாளர்கள் கேட்டனர், நகரம் இசைந்தது. அடுத்த ஆண்டு, தம் முதல் ஆட்டத்தின் அறுபதாவது ஆண்டு நிறைவுக்கு நான்கு நாட்களே இருக்கையில் கிறீன் கண் மூடினார்.

றெட் சொக்ஸ் கழகம் 1918 ஆம் ஆண்டின் பின் 2004 வரை உலகத் தொடர் கிண்ணத்தை வெல்லவில்லை. இதற்குச் சாபம் ஒன்றே காரணம் என்று பொஸ்டன் மக்கள் நெடுங்காலம் வேடிக்கையாகப் பேசிவந்தனர். றொபின்சனையும் வில்லி மேஸையும் வாசலில் நிறுத்தி அனுப்பிய கழகத்துக்குச் சாபம் வேறு வேண்டுமா?

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். சாதாரண ஆட்டக்காரருக்கு இத்துணை மரியாதை ஏன்? அவர் சாதாரணமானவர் என்பதனாலேதான் என்பது எமது விடை. ஒடுக்கப்பட்ட இனத்தில் மேதை ஒருவர் தோன்றி உயர்ந்துவிட்டால், நீதி கிடைத்துவிட்டதென்று கூறிச் சமுதாயம் திருப்தியடைந்துவிடுகிறது. ஆனால் மேதைகள் எந்த இனத்திலும் அரியர். வாழ்க்கையை நடத்துவோர் நடுத்தரமானவர்களே. நடுத்தரமான வெள்ளையர் ஒருவருக்கு எவ்வித விசாரணையுமின்றிக் கிடைக்கும் இடம், நடுத்தரமான கறுப்பர் ஒருவருக்கும் அதே வகையிற் கிடைக்கும் நாளிலேதான் சமத்துவம் பிறக்கிறது. அந்த நாள் பொஸ்டனில் 1959 ஜூலை 21 இரவு, பிறருக்காக ஓடிய ஒருவரின் கால்களில் வந்து சேர்ந்தது.

நம் மாணவர்கள் பெருவீரர்களின் படங்களைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பர். அவற்றின் அருகில், பன்னிரண்டாம் இலக்கச் சட்டை அணிந்த இந்த மனிதருக்கும் சிறிது இடம் ஒதுக்குவார்களாக.